பொருட்காட்சிக்குப் போறீங்களா? வாசலிலேயே ஒரு போட்டோ!

மார்கழி முடியும் சமயம் வந்துவிட்டால் போதும். சென்னையில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே நச்சரிப்புதான். "தீவுத்திடலுக்கு எப்பப்பா கூட்டிட்டுப் போவே?"

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் பொருட்காட்சியைத்தான் கேட்கிறார்கள். கூவம் சுற்றி ஓடுகிற அந்தத் திடலில்தான் அது களை கட்டும். அண்ணா சாலையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ துரை சிலையை நெருங்கும்போதே ராட்டினத்தின் விளக்கு கண்ணில் பட்டுவிடும். அப்புறம் பிள்ளைகளை பஸ்சுக்குள் உட்கார வைக்க முடியாது!

ஆபீசில் "பர்மிஷன்" போட்டுவிட்டு வந்த அப்பா. அவசர அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்த அம்மா. நடுவே இரண்டு வாண்டுகள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. இந்தக் கோஷ்டி உள்ளே நுழைந்ததும் அப்பா செய்கிற முதல் காரியம் என்ன? சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுக்கிறார்.

"இங்கே பாரு... சிரி... டேய், அசையாதே!"

ராட்டினத்தைப் பார்த்துவிட்ட பிள்ளை அசையாமல் நிற்குமா?

ராத்திரி வீடு திரும்பி, பாயைப் போட்டுப் படுத்தபடி அப்பா செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். நூற்றைம்பது படம் இருக்கும். பாதிப் படத்தில் பிள்ளையின் முகம் கலங்கிக் கிடக்கும். மீதியில் யாரோ ஒருவரின் முதுகு. தேறுவது நாலோ ஐந்தோ.

பிலிம் செலவு கிடையாது. கழுவுகிற செலவு கிடையாது. இருந்தும் ஏன் இந்தக் கதி? ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிகள் சில உண்டு. அவற்றுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒன்று. அழகாக வருகிறதோ இல்லையோ, கட்டாயம் எடுத்தே ஆக வேண்டிய ஒரு போட்டோ இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் எடுக்காமல் விடுவதும் அதுதான்.

என்ன கலர் சட்டை?

கூட்டத்தில் குழந்தையைத் தவற விட்டவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மைக் இருக்கும் இடத்துக்கு ஓடி வருவார்கள். மூச்சு வாங்கும். "பையன் பேர் என்னம்மா?" என்று கேட்டால் பேர் வந்துவிடும். வயதும் வந்துவிடும்.

"என்ன கலர் சட்டை?"

இங்கேதான் சிக்கல். "நீலம்... இல்லீங்க, பச்சைக் கட்டம்... ஐயோ, அது நேத்து போட்டது..." அம்மா ஒன்று சொல்வாள், அப்பா ஒன்று சொல்வார். அக்கறை இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பதைப்பில் மனசு மரத்துப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தன் கையால் பொத்தான் போட்டுவிட்ட சட்டைதான். ஆனாலும் நிறம் ஞாபகத்துக்கு வராது.

சரி, செல்போனில் படம் இருக்கிறதே என்று தேடினால் அகப்படுவது போன வருஷத்துப் பிறந்தநாள் படம். திருப்பதிக்குப் போய்விட்டு வந்த மொட்டைத் தலையோடு பிள்ளை கேக் வெட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்குத் தலை நிறைய முடி. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யார் எதைத் தேடுவது?

ஆகவே, டிக்கெட் வாங்கியதும், உள்ளே காலடி எடுத்து வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக நிறுத்தி ஒரு படம் எடுங்கள். தலை முதல் கால் வரை. முகம் நேராக. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. செருப்பு கண்டிப்பாகத் தெரிய வேண்டும். பனிக்குப் பயந்து சட்டைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிவிட்டால் சட்டையின் கலர் மறைந்துவிடும். செருப்பு மறையாது. பாட்டி வந்திருந்தால் பாட்டிக்கும் அதேபோல ஒன்று. கூட்டத்தில் வழி தவறுகிறவர்கள் குழந்தைகள் மட்டும்தானா, என்ன?

அரை நிமிஷ வேலை. பிள்ளை கண்ணுக்குத் தப்பிவிட்டால் இந்தப் படத்தைப் போலீசாரிடம் காட்டலாம். அவர்கள் போனிலிருந்து மற்றவர்கள் போனுக்கு ஒரு நொடியில் போய்விடும். கேட்டில் நிற்பவருக்கும் போகும், ராட்டினத்தில் டிக்கெட் கிழிப்பவருக்கும் போகும். வாயால் சொல்கிற அடையாளம் ஆளுக்கு ஆள் மாறும். படம் மாறாது. போலீஸ் அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காணும் பொங்கலன்று மெரினாவில் சென்னைப் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பரை எழுதிப் பட்டை கட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அருமையான ஏற்பாடு. பட்டை கிடைக்காத இடத்தில் பால்பாயிண்ட் பேனா இருக்கவே இருக்கிறது. முழங்கைக்குக் கீழே நம்பரை எழுதி விடுங்கள். பிள்ளை சிணுங்கும். சிணுங்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குழந்தை காணோம் என்றதும் அந்தப் படத்தை எடுத்த எடுப்பிலேயே வாட்ஸ்அப் குரூப்புகளில் போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் பிள்ளை பஞ்சு மிட்டாய் வண்டிக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் செய்தி நிற்காது. பிள்ளை வீட்டில் நிம்மதியாகத் தூங்கும், "குழந்தை காணவில்லை" மட்டும் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும். முதலில் போலீஸ். குரூப் எல்லாம் அப்புறம்.

ரோலுக்குப் பன்னிரண்டு

இப்போது பொழுதுபோக்குக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் பொருட்காட்சிக்குக் கேமிரா கொண்டு வருகிற குடும்பம் வசதியான குடும்பம். தோளில் தொங்கியது பெரும்பாலும் ஆக்பா கிளிக் 3. கறுப்புப் பெட்டி. தோல் உறை. 120 ரோல் பிலிமில் மொத்தம் பன்னிரண்டே படம்! வெயிலுக்கு ஒரு திருப்பு, மேகத்துக்கு ஒரு திருப்பு. அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை. அப்பா ஒவ்வொரு படத்துக்கும் நாலு தரம் யோசிப்பார். "பிலிமை வீணாக்காதே" என்று மாமா பின்னாலிருந்து குரல் கொடுப்பார். பொழுது சாய்ந்துவிட்டால் கேமிரா உறைக்குள் போய்விடும்.

அந்தப் பிலிமும் நம் ஊட்டியில் தயாரானதாக இருக்கலாம். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம். "இந்து" என்பது அவர்கள் பிலிமின் பெயர். இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. டிஜிட்டல் கேமிரா வந்த பிறகு பிலிமை யார் கேட்கிறார்கள்?

எண்பதுகளில் ஹாட் ஷாட் கேமிரா வந்தது. 35 எம்.எம். ரோல், 36 படம். கலர். அப்பாவின் கை கொஞ்சம் தாராளமானது. ஆனாலும் 36-ஐயும் தீர்த்துவிட்டுத்தான் ரோலைக் கழுவக் கொடுப்பார்கள். பொங்கலுக்குப் பொருட்காட்சியில் ஆரம்பித்த ரோல், சித்திரையில் அக்கா மகளின் காதுகுத்தில்தான் முடியும். அதற்கப்புறம்தான் ராட்டினத்தில் பிள்ளை அழுதானா சிரித்தானா என்பது தெரியவரும்!

கேமிரா இல்லாதவர்களுக்குப் பொருட்காட்சிக்குள்ளேயே போட்டோக் கடை இருந்தது. அட்டையில் செய்த ஆகாய விமானம். அட்டையில் செய்த கார். பிறை நிலாவில் உட்கார ஒரு பலகை. பின்னால் திரைச்சீலையில் தாஜ்மகாலோ ஊட்டி ஏரியோ. எம்.ஜி.ஆர். தோளில் கை போட்ட மாதிரி நிற்க ஒரு கட்-அவுட். குடும்பத்தோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருக்கும் போட்டோக்காரர், "தம்பி, ஆடாதே... ரெடி..." என்பார். விரலைச் சொடுக்குவார். முடிந்தது. ஒரே படம்தான். ஆனால் அந்த ஒரே படத்துக்காக அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே திசையில் பார்த்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். நூற்றைம்பது படம் எடுக்கிற இன்றைய அப்பாவால் அதைச் சாதிக்க முடியவில்லை.

பஜ்ஜி எண்ணெய்

நல்ல படத்துக்கு முதல் எதிரி எது தெரியுமா? கூட்டம் அல்ல, இருட்டும் அல்ல. மிளகாய் பஜ்ஜி!

சிரிக்காதீர்கள். பஜ்ஜி தின்ற விரலால் போனைப் பிடிக்கிறோம். பின்பக்கத்துக் கண்ணாடியில் எண்ணெய் அப்பிக்கொள்கிறது. பகலில் இது தெரியாது. விளக்கு போட்டதும் பாருங்கள், ஒவ்வொரு பல்பும் ஒரு பக்கமாகக் கோடு இழுத்துக்கொண்டு, பிள்ளையின் முகம் புகை மூட்டத்தில் இருப்பது போல விழும். போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும். புதுசு வேண்டாம். மெத்தென்ற பருத்தித் துணியால் கண்ணாடியைத் துடைத்தால் போதும். வேட்டித் தலைப்பு, பாட்டியின் நூல் புடவை எதுவானாலும் சரி.

அடுத்தது நேரம். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறு மணி வாக்கில் மறைகிறது. நம்மவர்கள் ஏழு மணிக்குத்தான் உள்ளே நுழைகிறார்கள். முடிந்தால் நாலரைக்குப் போய்விடுங்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது எந்தப் பிள்ளையும் அழகுதான். கூட்டமும் குறைவு. சூரியன் மறைந்து கால் மணி, இருபது நிமிஷம் வரை இன்னொரு நல்ல நேரம். வானம் இன்னும் கறுக்காமல் கருநீலமாக இருக்கும். ராட்டினத்தில் விளக்கும் போட்டிருப்பார்கள். ராட்டினத்தை மட்டும் தனியாக எடுக்கிற ஆசை இருந்தால் அப்போது எடுங்கள்.

முழுக்க இருட்டிய பிறகு என்ன செய்வது? பலர் பிளாஷைப் போடுகிறார்கள். செல்போன் பிளாஷ் எட்டடி, பத்தடிக்கு மேல் எட்டாது. மேடையில் ஆடும் கரகாட்டக்காரருக்கு நாற்பதாவது வரிசையிலிருந்து பிளாஷ் அடித்தால் வெளிச்சம் விழுவது முன்வரிசைக்காரரின் வழுக்கையில்தான்!

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வளையல் கடை, பொம்மைக் கடை, அப்பளக் கடை, இங்கெல்லாம் வெள்ளை விளக்கைப் பிரமாதமாகப் போட்டிருப்பார்கள். பிள்ளையைக் கடையைப் பார்த்து நிறுத்துங்கள். நீங்கள் கடைக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். காசில்லாத ஸ்டூடியோ லைட்! நம்மவர்கள் செய்வது நேர் தலைகீழ். ஜொலிக்கிற ராட்டினம் பின்னால் தெரிய வேண்டும் என்று பிள்ளையை அதற்கு முன்னால் நிறுத்துகிறார்கள். ராட்டினம் நன்றாக விழும். பிள்ளை கரிக்கட்டை. எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன் திரையில் பிள்ளையின் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். போன் முகத்துக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைச் சரி செய்துகொள்ளும்.

கப்பல் நிற்கும் இடம்

சுற்றுகிற ராட்டினத்தில் இருக்கும் பிள்ளையை எடுக்கிறோம். ஏன் கலங்குகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சின்னக் குழந்தைகளின் குதிரை ராட்டினம் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். மனிதன் வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம் கூட. இருட்டில் போன் கேமிரா வெளிச்சம் போதாமல் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைக்கிறது. அதற்குள் குதிரை கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்! பிள்ளையின் முகம் பாதிக்குப் பாதி இழுபட்டுப் போகும். பகல் வெளிச்சத்தில் போன் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண்ணை மூடிவிடும். அப்போது நகர்வது வெறும் 4 மில்லிமீட்டர். படம் கணீரென்று விழும்.

அதனால் குதிரை ராட்டினத்தைப் பகலோடு முடித்துவிடுவது உத்தமம். இருட்டிவிட்டால், பிள்ளை வரும் திசையிலேயே போனையும் கூடவே திருப்பிக்கொண்டு எடுக்க வேண்டும். பின்னால் எல்லாம் கோடு கோடாக ஓடும், முகம் மட்டும் தெளிவாக விழும். பத்துக்கு இரண்டு தேறினால் பெரிய விஷயம். தேறியது அற்புதமாக இருக்கும்.

"கொலம்பஸ்" கப்பல் இருக்கிறதே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊஞ்சல் போல ஆடுவது, அதில் ஒரு ரகசியம் இருக்கிறது. நடுவில் வரும்போதுதான் அசுர வேகம். இரண்டு கோடியிலும் உச்சிக்குப் போய்த் திரும்புவதற்கு முன் ஒரு கணம் அப்படியே நிற்கும். அலறல் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். அந்தக் கணத்தில் அழுத்துங்கள். வீட்டு ஊஞ்சலுக்கும் இதே கதைதான்.

ராட்சத ராட்டினத்துக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. ஆள் ஏற்றி இறக்க நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். உங்கள் பிள்ளை உட்கார்ந்த தொட்டி கீழே இரண்டாவது, மூன்றாவது இடத்தில் நிற்கும்போது எடுங்கள். உச்சியில் இருக்கிற பிள்ளையை விரலால் இழுத்துப் பெரிசாக்கி எடுத்தால் வருவது புள்ளி புள்ளியாக ஏதோ ஒன்று. உங்கள் பிள்ளைதான் என்று சத்தியம் செய்தாலும் பாட்டி நம்ப மாட்டாள்.

ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கையில் பிள்ளை, மறு கையை வெளியே நீட்டி செல்பி. இது கூடவே கூடாது. கை நழுவினால் போன் போவது மட்டுமல்ல, அந்த உயரத்திலிருந்து கீழே நிற்கிறவன் தலையில் விழுந்தால் என்ன ஆகும்? ஆட்டுகிற வேகத்தில் கம்பியை விட்ட கை திரும்பக் கம்பியைத் தேடும்போது அகப்படாது. ஏறினால் இரண்டு கையாலும் பிடியுங்கள். போட்டோ எடுப்பது கீழே நிற்கிறவர் வேலை.

உட்காருங்க சார்!

பிள்ளைகள் படத்தில் குள்ளமாக, தலை பெரிசாக, கால் சின்னதாக விழுகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. பிள்ளையின் மேல் குற்றமில்லை. ஐந்தரை அடி உயரத்திலிருந்து குனிந்து எடுத்தால் அப்படித்தான் விழும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி!

முட்டி போட்டு உட்காருங்கள். புழுதிதான், பேண்ட் அழுக்காகும்தான். பிள்ளையின் கண் எந்த உயரமோ அந்த உயரத்துக்குப் போனை இறக்குங்கள். உட்கார முடியாத தொந்திக்காரர்கள் போனையாவது தலைகீழாகப் பிடித்து இடுப்புக்குக் கீழே இறக்கி எடுக்கலாம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் பொருட்காட்சி பிள்ளைகளுக்கு எப்படித் தெரிகிறது என்பதும் புரியும். நாம் பார்ப்பது விளக்கு அலங்காரம். அவர்கள் பார்ப்பது முழங்கால்கள், பைகள், எப்போதாவது இடைவெளியில் ஒரு பலூன். அழுகிற பிள்ளை ஏன் அழுகிறது என்பதற்கு அங்கேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

"சிரி" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பல்லைக் காட்டும். பல்லைக் காட்டுவது வேறு, சிரிப்பு வேறு. முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். எங்கே கடிப்பது என்று தெரியாமல் அது முழிக்கும். பிறகு ஒரு மூலையைக் கடிக்கும். அப்பளம் உடைந்து மூக்கில் ஒட்டும். எடுங்கள். பஞ்சு மிட்டாய் வாயில் கரைந்து காணாமல் போகும்போது பிள்ளை காட்டுகிற ஆச்சரியத்தை எந்த டைரக்டராலும் சொல்லிக் கொடுத்து வாங்க முடியாது.

மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை எல்லாரும் மேலே நின்று படம் எடுக்கிறார்கள். அது ஊருக்கே பொது. நீங்கள் திரும்பி, அதைப் பார்க்கிற உங்கள் பிள்ளையின் முகத்தை எடுங்கள். அது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

பயந்து அழுகிற பிள்ளையைப் பேய் வீட்டு வாசலில் நிறுத்தி, அம்மா சமாதானம் செய்வதற்கு முன்னால், "இரு இரு, ஒரு வீடியோ எடுத்துக்கிறேன்" என்கிற தகப்பன்மாரும் இருக்கிறார்கள். ரீல்ஸ் போட வேண்டுமாம். நாலு பேர் சிரிக்க வேண்டுமாம். அந்தப் பிள்ளை அப்பாவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. போனைப் பைக்குள் போடுங்கள் சார்!

அம்மா எங்கே?

எந்த வீட்டு ஆல்பத்தையும் புரட்டுங்கள். பழைய ஆல்பத்தில் அப்பா இருக்க மாட்டார். ஏன்? கேமிராவுக்குப் பின்னால் அவர்தானே! இப்போது நிலைமை மாறியிருக்கிறது. போன் அம்மா கையிலும் வந்துவிட்டது. பிள்ளைகளின் படம் பாதிக்கு மேல் எடுப்பவள் அவள்தான். அதனால் இப்போது அம்மாவைக் காணோம்.

"நான் வேணாம், தலை கலைஞ்சிருக்கு" என்பாள். "புடவை நல்லா இல்லே" என்பாள். விடாதீர்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை தேடப் போவது ராட்டினத்தை அல்ல. அம்மா அந்த வயதில் எப்படி இருந்தாள் என்பதைத்தான். பாட்டிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து பாட்டியின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கிற வீடுகள் எத்தனை! தனியாக ஒரு நல்ல படம் கிடையாது. பொருட்காட்சிக்கு வந்த பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு சோளம் தின்னும்போது எடுத்த படம் ஒன்று இருந்தால் அந்த நிலை வராது.

எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கிற இன்னொரு குடும்பத்திடம் கேளுங்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்களேன். உங்களுக்கு நாங்க எடுத்துத் தர்றோம்." பிள்ளையோடு வந்தவர் போனைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார். அப்படியும் சந்தேகம் இருந்தால் நம்ம ஊர் போட்டோக் கடைகள் அடியோடு அழிந்துவிடவில்லை. பொருட்காட்சிகளிலும் திருவிழாக்களிலும் கையில் பிரிண்டரோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நிமிஷத்தில் படம் கையில். நாலு பேர் ஒரே திசையில் பார்க்கிற படம்!

ஊருக்கெல்லாம் தந்தி

எடுத்த படத்தை அங்கேயே நின்று ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கம் பெருகிவிட்டது. "தீவுத்திடலில் நாங்கள் குடும்பத்தோடு!" என்று ஒரு வரி வேறு. வீடு பூட்டிக் கிடக்கிறது, ராத்திரி பத்து மணி வரை யாரும் வர மாட்டோம் என்று திருடனுக்குத் தந்தி கொடுத்த மாதிரிதான் இது. வீட்டுக்கு வந்த பிறகு போட்டால் என்ன குறைந்துவிடும்?

பள்ளிக்கூடம் விட்டு நேராக வருகிற பிள்ளைகள் யூனிபாரத்தோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு இருப்பார்கள். பேர், வகுப்பு, பள்ளி எல்லாம் அதில் இருக்கிறது. அப்படியே போட்டோவில் விழுந்து நானூறு பேர் பார்க்கிற இடத்தில் தொங்குகிறது. பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பா அனுப்பினார், வா" என்று சொல்ல வேறென்ன வேண்டும்? எடுப்பதற்கு முன் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

நம் பிள்ளையை எடுக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையும் படத்தில் விழுவதைத் தவிர்க்க முடியாது. கூட்டம் அப்படி. அதை ஆல்பத்தில் வைத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் முன்பின் தெரியாத பிள்ளையை, "அழகா இருக்கே" என்று தனியாக எடுப்பது வேறு. பெற்றவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். தண்ணீர் விளையாட்டில் சட்டை நனைந்த பிள்ளைகள், உடை மாற்றுகிற பிள்ளைகள், இந்தப் பக்கம் போன் திரும்பவே கூடாது. உங்கள் பிள்ளையை வேறு யாராவது அப்படி எடுப்பதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். நல்லவராக இருந்தால் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். முறைத்தால் போலீசைக் கூப்பிடுங்கள்.

பென்சிலால் எழுதுங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. மறுநாள் ஞாயிறு என்றால் அரை மணி ஒதுக்கி, கலங்கியதை எல்லாம் அழித்துவிடுங்கள். நூற்றைம்பதில் பத்து மிஞ்சும். அந்தப் பத்தில் இரண்டை பிரிண்ட் போடுங்கள்.

"போன்லேயே இருக்கே, எதுக்குங்க பிரிண்ட்?" என்று கேட்பார்கள். போன் பஸ்சில் களவு போகும். தண்ணீர்த் தொட்டியில் விழும். பாஸ்வேர்டு மறந்து போகும். பேப்பர் படத்துக்கும் கண்டம் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு ஆல்பம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போனது என்று சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் இரண்டும் வேண்டும். போனில் ஒன்று, பிரிண்டில் ஒன்று. பிரிண்ட் பீரோவின் மேல்தட்டில்! ஊரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

படத்தின் பின்பக்கம் தேதி, இடம், யார் யார் என்று எழுதி வையுங்கள். பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும், இல்லையென்றால் மேலே வைத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். வழவழ பேப்பரில் பென்சில் பிடிக்காவிட்டால் ஆல்பத்தில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

வாசலில் எடுத்தீர்களே, தலை முதல் கால் வரை ஒரு படம்? அதையும் அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் அதே வாசலில் அதேபோல ஒன்று எடுத்து வரிசையாக ஒட்டினால், பிள்ளை எத்தனை அங்குலம் வளர்ந்திருக்கிறது என்பதும் தெரியும், செருப்பு எத்தனை மாறியிருக்கிறது என்பதும் தெரியும்.